மாட்டுக்கறியில் கிருமி: அறுக்கும் இடத்திலிருந்து கடை வரை நடக்கும் தவறுகள்

நல்ல ஆரோக்கியமான மாட்டின் சதைக்குள் பெரும்பாலும் கிருமி இருப்பதில்லை. ஈ.கோலை ஓ157 போன்ற ஆபத்தான பாக்டீரியா குடலிலும், சாணம் ஒட்டிய தோலிலும்தான் இருக்கும். மாட்டுக்கு அதனால் நோய் வராது என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆக, கறியில் கிருமி ஏறுவது பெரும்பாலும் மனிதர்களின் கைவேலையில் நேர்வது. கவனமாக இருந்தால் பெருமளவு தடுக்கலாம்.

தோல் உரிக்கும்போதே தவறு ஆரம்பிக்கிறது. வெளியிலிருந்து உள்ளே கத்தியை இழுத்தால் சாணமும் கூடவே சதைக்குள் போகும். முதல் கீறலுக்குப் பிறகு கத்தியைத் திருப்பிப் பிடித்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக அறுப்பதே முறை. தோலைப் பிடித்த கை சதையைத் தொடக் கூடாது. கத்தியும் இரண்டு வேண்டும். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது 82 டிகிரி வெந்நீரில் கிடக்க வேண்டும்.

குடலை எடுப்பதற்கு முன் உணவுக்குழாயையும் மலக்குடலையும் இறுக்கிக் கட்ட வேண்டும். அவசரத்தில் கட்டாமல் விட்டு, உள்ளே இருப்பது சிந்திவிட்டால் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. கறை கண்ணுக்கு மறையும், ஆனால் கிருமி நல்ல சதைக்கும் பரவிவிடும். கறை பட்ட இடத்தைக் கத்தியால் சீவி எறிவதுதான் சரி. அப்புறம் சீக்கிரம் குளிரவைக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் குளிர் உள்ளே போகாது, இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும்.

இந்த வரிசையில் மிகவும் ஆபத்தானது கொத்துக்கறி. முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டியின் சூட்டில் செத்துவிடும். அரைத்துவிட்டால் மேலே இருந்தது நடுவுக்குப் போய்விடுகிறது. பல மாடுகளின் கறியை வெட்டும்போது மிஞ்சும் சிறு துண்டுகள் ஒன்றாக அரைபடும்போது ஒரு மாட்டின் அழுக்கு மொத்தத்துக்கும் பரவும்.

அமெரிக்காவில் 1993-இல் ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களில் நடந்தது இதுதான். பர்கர் கறி சரியாக வேகவில்லை. வாஷிங்டன் மாநில விதி 68 டிகிரி கேட்டது, உணவகத்தில் அந்த அளவு சூடு எட்டவில்லை. 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். அதில் ஒரு குழந்தைக்கு நோய் வந்தது காப்பகத்தில் இன்னொரு குழந்தையிடமிருந்து. மறுவருடமே, ஓ157 இருக்கும் பச்சைக் கொத்துக்கறியைக் கலப்பட உணவு, அதாவது விற்கக் கூடாதது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. இன்று அங்கே சொல்லப்படும் அளவு 71 டிகிரி. நிறம் மாறியதை வைத்து முடிவு செய்வதும் தவறு. சில சமயம் அந்தச் சூட்டுக்கு முன்பே கறி பழுப்பாகிவிடும்.

கடையில் செய்யும் பெரிய தவறு பச்சைக் கறிக்கும் சமைத்த கறிக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்துவது. 2005-இல் தெற்கு வேல்ஸில் பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி கொடுத்துவந்த ஒரு கறிக்கடை, இரண்டுக்கும் காற்றை உறிஞ்சிப் பொட்டலம் கட்டும் ஒரே இயந்திரத்தை வைத்திருந்தது. 150 பேருக்கு மேல் நோய் வந்தது, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சமைத்த கறி இனி அடுப்பில் ஏறப்போவதில்லை, அதனால்தான் அது அவ்வளவு ஆபத்து. நேற்று மிஞ்சிய துண்டுகளை இன்றைய கொத்துக்கறியில் சேர்ப்பதும் விட வேண்டிய பழக்கம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. மோந்து பார்த்து நல்ல கறி என்று எடுக்காதீர்கள். நாற்றம் கெட்டுப்போனதைக் காட்டும், ஓ157-க்கு வாசனை கிடையாது. மஞ்சள்பொடி போட்டுக் கழுவினால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. கழுவும் தண்ணீர் தெறித்து, பக்கத்தில் இருக்கும் வெங்காயம், வெள்ளரி மேல் விழுகிறது. நம் வீட்டுக் குழம்பு நன்றாகக் கொதிப்பதால் கறியில் இருக்கும் ஓ157 செத்துவிடும். பச்சையாகச் சாப்பிடும் பச்சடியில்தான் அது தப்பிக்கும். கறி வெட்டிய பலகையில் காய் நறுக்காதீர்கள்.

குழந்தைக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடையில் கேட்டு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையோ ஆண்டிபயாடிக்கோ தரக் கூடாது. ஓ157 தொற்றில் இவை சிறுநீரகம் பாதிக்கும் அபாயத்தைக் கூட்டக்கூடும். உடனே மருத்துவரிடம் போங்கள், என்ன சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள்.