மேலூர் வரப்புத் தகராறு தீர்ந்த விதம்

மேலூருக்கு அருகில் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் உள்ள எங்கள் பூர்விக வயலுக்கும் பங்காளியின் வயலுக்கும் இடையிலான எல்லை, கூட்டுப் பட்டாவினால் நெடுங்காலம் தகராறில் இருந்தது. உரிமை தெளிவாக இல்லாததால் அவர் கிணற்றை ஆழப்படுத்தத் தயங்கினார், எங்களால் அந்த நிலத்தின் பேரில் வங்கிக் கடன் வாங்க முடியவில்லை. வழக்கும் நடந்துகொண்டிருந்தது.

1991இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் கோஸ், உரிமை தெளிவாக வரையறுக்கப்பட்டுப் பேரம் பேசும் செலவும் குறைவாக இருந்தால், அந்த உரிமை அதை அதிகம் மதிப்பவரிடமே போய்ச் சேரும் என்று 1960இல் விளக்கினார். எங்கள் ஊரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. இல்லாதது துல்லியமான அளவுதான். ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றைத் திரட்டி, கட்டணம் செலுத்தி, இரு தரப்பும் உடனிருக்க சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நட ஏற்பாடு செய்தேன். வாய்க்கால் ஓரத் துண்டு எங்கள் பாகத்தில் வந்தது. ஆனால் அவருடைய கிணற்றுக்குச் செல்லும் வழி என்பதால் அதன் பயன் அவருக்கே அதிகம்.

“அண்ணே, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மேற்கே ஈடான இடத்தைக் கொடுங்கள்” என்றேன்.

வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்பக் கோரினோம். அங்கே சமரசத்தில் வரும் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, அதன்மேல் மேல்முறையீடு கிடையாது, செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பிறகு பரிவர்த்தனைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்கினோம்.