ஊட்னடாட்டா தடத்தில் குளிர்காலக் கேரவன் பயணம்: முதல்முறை போகும் தம்பதிக்கு

ஜூன் பிறந்துவிட்டால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: இந்த வருடம் வடக்கே எப்போது கிளம்புவது? நானும் வீட்டுக்காரரும் கேரவனை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு) இழுத்துக்கொண்டு போன முதல் மண் சாலை, மரீயில் தொடங்கி மார்லாவில் முடியும் ஊட்னடாட்டா தடம். நீளம் சுமார் 620 கி.மீ. அப்போது எங்களுக்கு யாராவது இப்படி வரிசையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள், இங்கே அதுதான் குளிர்காலம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி வெயில் பதிவாகியிருக்கிறது. கோடையில் அந்தப் பக்கம் கேரவனோடு போகவே வேண்டாம். குளிர்காலத்தில் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். சில விடியற்காலைகளில் தண்ணீர்க் குழாய்க்குள் ஐஸ் கட்டி நிற்கும். அதனால் படுக்கப் போகும் முன்பே ஒரு கெட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்துவிடுங்கள். காலைக் காப்பி தப்பிக்கும்.

மழை குறைவான பூமிதான், ஆனால் கொஞ்சம் பெய்தாலே களிமண் சாலை வழுக்கிச் சேறாகி மூடிவிடுவார்கள். தடம் தொடங்கும் இடத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பலகை இருக்கும். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய கெடுதல், ஈரச் சாலையில் உங்கள் சக்கரம் கிழித்த பள்ளம் காய்ந்து கல்லாகி, பின்னால் வருகிறவர்களை மாதக்கணக்கில் வதைக்கும். இரண்டு நாள் காத்திருக்கும் அவகாசத்தை லீவிலேயே சேர்த்துப் போடுங்கள்.

படி 2: ஒவ்வொரு நாளையும் மூன்று மணியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். மதியம் மூன்று மணிக்கு வண்டி நின்றிருக்க வேண்டும். குளிர்காலத்தில் அங்கே ஐந்தரை, ஆறுக்குள் இருட்டிவிடும். அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். கேரவனைச் சமன் செய்து நிறுத்தி, அடுப்பு பற்றவைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். காலையில் ஒன்பதுக்கு முன் கிளம்பவும் வேண்டாம். ஆக, கையில் இருப்பது ஆறு மணி நேரம். மண் சாலையில் 60, 70 கி.மீ. வேகத்தில், நின்று பார்த்துப் போனால் ஒரு நாளைக்கு 130 முதல் 150 கி.மீ. வரும். முழுத் தடத்துக்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: டயரில் காற்றைக் குறையுங்கள்

புதிதாக வருகிறவர்கள் மிகவும் பயப்படும் படி இது. சாலை முழுக்கத் தகரக் கூரை போல வரிவரியாக இருக்கும். தார்ச் சாலைக்கு அடித்த காற்றோடு அதில் ஏறினால் ஒவ்வொரு வரியும் நேராக முதுகெலும்புக்கு வரும். கூர்மையான கல் டயரைக் கிழிப்பதும் அப்போதுதான் அதிகம். நாங்கள் தார்ச் சாலையில் 40 பிஎஸ்ஐ வைத்தால் இங்கே 30 வைக்கிறோம், கேரவனுக்கும் அப்படித்தான். உங்கள் டயருக்கும் எடைக்கும் ஏற்ப இது மாறும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும்.

முதல் பயணத்தில் "இவ்வளவு காற்றை இறக்குவதா?" என்று தயங்கி அப்படியே போனோம். அறுபது கி.மீ. தாண்டி நிறுத்திக் கேரவன் கதவைத் திறந்தால், மேல் அலமாரி திறந்து சாம்பார்ப் பொடி டப்பா உடைந்து, மெத்தை வரை செக்கச் செவேல். அதன் மேல் ஒரு படலம் சாலைப் புழுதி. இரண்டும் ஒரே நிறம். அங்கேயே நின்று காற்றை இறக்கினோம். அதற்கப்புறம் அலமாரி ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

ஒரு காற்றழுத்தமானி, காரிலிருந்தே ஓடும் ஒரு கம்ப்ரஸர், இரண்டு ஸ்டெப்னி கட்டாயம்.

படி 4: புழுதி, தண்ணீர், கரண்ட்

புழுதி உள்ளே வராமல் இருக்க, முன்பக்கம் பார்த்த கூரை ஜன்னலை விரல் அளவு திறந்து வைத்து ஓட்டுங்கள். காற்று உள்ளே அழுத்தி நிற்கும், புழுதி சந்து வழியாக நுழையாது. கதவின் கீழ்க் காற்றுத் துளைகளை டேப்பால் ஒட்டலாம். ஆனால் நிறுத்தியவுடன் டேப்பை உரித்துவிட வேண்டும். கேஸ் கசிந்தால் வெளியேறும் வழி அதுதான். குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர், அதற்கு மேல் தனி கேனில் கையிருப்பு.

சோலார் பலகையை நம் ஊரில் தெற்குப் பார்த்துச் சாய்ப்போம். இங்கே வடக்குப் பார்த்து, நன்றாகச் சாய்த்து வைக்க வேண்டும். குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே போகும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இட்லி மாவு ராத்திரிக் குளிரில் பொங்கவே பொங்காது. காலையில் மூடிய பாத்திரத்தைக் காரின் முன் கண்ணாடிக்குப் பின்னால் கெட்டியாகப் பொருத்தி வைத்து ஓட்டுவேன். மூன்று மணிக்கு மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

படி 5: பின்னால் எடுக்கும்போது பேசும் மொழி

இடது வலது என்று சொன்னால் சண்டைதான். கண்ணாடியில் பார்ப்பவருக்கு ஒன்று, எதிரே நிற்பவருக்கு வேறு. நாங்கள் கையில் ஆளுக்கொரு யுஎச்எஃப் ரேடியோ (வாக்கி-டாக்கி) வைத்துக்கொண்டு, "உங்க பக்கம்", "என் பக்கம்" என்றுதான் சொல்கிறோம். அவர் ஓட்டினால் உங்க பக்கம் என்பது ஓட்டுநர் பக்கம், என் பக்கம் என்பது பக்கத்து சீட் பக்கம். நான் ஓட்டும்போது அவர் "உன் பக்கம்" என்பார். சொல்லும் பக்கம் என்பது கேரவனின் வால் போக வேண்டிய திசை. "நில்" என்றால் காரணம் கேட்காமல் பிரேக். ஆளைக் கண்ணாடியில் காணவில்லை என்றாலும் பிரேக். காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிவிட்டு வாருங்கள். இருவருமே ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அங்கே வேறு ஆள் கிடையாது.

வண்டியில் உள்ள யுஎச்எஃப் ரேடியோவை 40ஆம் சேனலில் வையுங்கள், லாரிக்காரர்கள் பேசுவது அதில்தான். பெரும்பாலான தூரம் செல்போன் எடுக்காது. சாட்டிலைட் போனோ, பதிவு செய்த அவசர பீக்கனோ (ஆபத்தில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் கருவி) இல்லாமல் போகாதீர்கள்.

படி 6: எங்கே நிறுத்துவது

டீசல் மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா என நான்கு இடத்தில் கிடைக்கும். இடைவெளி ஒவ்வொன்றும் 200 கி.மீ. சுமார். எல்லாவற்றிலும் நிரப்புங்கள்.

இந்தச் சாலை ஏன் இங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் வழியெல்லாம் பேசும். பாலைவனத்தின் அடியிலிருந்து பாதாள நீர் ஊற்றாகப் பொங்கி வரும் வரிசை இது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபனா மக்கள் காலங்காலமாக அறிந்த ஊற்றுகள். தந்திக் கம்பி 1872இல் இந்த நீரை ஒட்டிப் போனது, அப்புறம் தாகமெடுத்த நீராவி ரயில் வந்தது. 'கான்' என்ற அந்தப் பழைய ரயில் பாதை 1980இல் மூடப்பட்டது. அதன் பெயரே ஒட்டகம் ஓட்டிய 'ஆப்கானியர்'களால் வந்தது. அவர்களில் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. மரீயில் அவர்கள் தொழுத பள்ளிவாசலின் மாதிரியைப் பார்க்கலாம்.

முதல் நாள் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்து கிடக்கும் கட்டி தண்டா ஏரியைச் சாலையோரப் பார்வையிடத்திலிருந்து பாருங்கள். அரபனா மக்களுக்கு அது புனிதம், உப்புப் படுகையில் இறங்காதீர்கள். அன்று மாலை கவர்ட் ஸ்பிரிங்ஸ், ஊற்று நீரில் கால் நனைத்து உட்காரலாம். பக்கத்துப் பூங்காவில் 'பப்ளர்' என்ற ஊற்று: தெளிந்த நீருக்குள் மணல் உலை போலக் கொதித்துக்கொண்டே இருக்கும், தொட்டால் சூடு இருக்காது. நாங்கள் அதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் நின்றிருக்கிறோம்.

வில்லியம் கிரீக் தாண்டினால் ஆல்ஜபக்கினா பாலம். 1892இல் முடித்த இரும்புப் பாலம், அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஆணித் தலைகள் ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அழுந்தும், காலை எட்டு மணிக்குப் பனிக்கட்டி போல இருக்கும். கீழே ஆற்றோரம் ஒரு இரவு தங்குங்கள்.

மார்லா வந்ததும் தார்ச் சாலையில் ஏறும் முன் எல்லா டயருக்கும் பழையபடி காற்றடியுங்கள். வீல் நட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பாருங்கள். கேரவனில் இரண்டாவது சக்கரம், இடது பக்கம், எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கால் சுற்று தளர்ந்திருக்கும்.