லிங்க் அனுப்பும் முன் அனுமதியைப் பாருங்கள்

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் கோப்பை அப்படியே இணைத்து அனுப்ப முடியாது. பெரிய கோப்பென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பதுதான் வழி. ஏற்றுவதில் சிக்கல் எதுவும் இல்லை: ‘நியூ’, ‘ஃபைல் அப்லோட்’, அவ்வளவுதான். கோளாறு வருவதெல்லாம் அனுமதியில்.

கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஷேர்’ பெட்டியைத் திறந்தால், ‘ஜெனரல் ஆக்சஸ்’ என்பதன் கீழ் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று இருக்கும். இதை மாற்றாமல் லிங்க்கை மட்டும் காப்பி செய்து அனுப்பினால், எதிர்முனையில் கோப்பு திறக்காது; அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அடையாளச் சான்று, வங்கி விவரம் போன்றவற்றுக்கு ‘ரெஸ்ட்ரிக்டட்’ அப்படியே இருக்கட்டும்; பெறுபவரின் மின்னஞ்சல் முகவரியை மேலே சேர்த்தால் போதும். நிகழ்ச்சிப் படங்கள், பாடக் குறிப்புகள் போன்றவற்றுக்கு ‘எனிஒன் வித் த லிங்க்’ வைக்கலாம். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் ‘வியூவர்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘எடிட்டர்’ கொடுத்தால் திருத்தும் உரிமையும் சேர்ந்தே போகும்.

ஃபோல்டரைப் பகிரும்போது கூடுதல் கவனம் தேவை. இன்றைக்கு உள்ளே இருப்பவை மட்டுமல்ல, நாளை நீங்கள் அதில் போடுவதும் அதே ஆட்களுக்குத் தெரியும். அதனால் பகிர்வதற்கென்றே தனி ஃபோல்டர் வையுங்கள்.

‘ஷேர்’ பெட்டியின் பல்சக்கரக் குறியில், பார்ப்பவர்கள் டவுன்லோட், பிரிண்ட், காப்பி செய்வதை நிறுத்தும் வசதி உண்டு. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

அனுப்பும் முன், குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னலில் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். உங்கள் கணக்கு அதில் லாகின் ஆகியிருக்காது என்பதால், பொது லிங்க் மற்றவர்களுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும்.

அனுப்பிய பிடிஎஃப்பில் பிழை இருந்தால் புதிதாக ஏற்றி இன்னொரு லிங்க் கொடுக்க வேண்டியதில்லை. ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ வழியாகத் திருத்திய பிரதியை ஏற்றுங்கள். பழைய லிங்க்கே புதியதைக் காட்டும்.

டிரைவைப் போன்ற இன்னொரு சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸில், லிங்க்கின் கடைசியில் வரும் ‘டிஎல்=0’ என்பதில் 0-வை 1 ஆக்கினால், முன்னோட்டம் இல்லாமல் நேராக டவுன்லோட் தொடங்கும்.

இலவச இடம் டிரைவில் 15 ஜிபி. ஜிமெயிலும் ஃபோட்டோஸும் அதையே பங்கு போடுகின்றன. மைக்ரோசாஃப்டின் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2 ஜிபி.

வேலை முடிந்ததும் ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலைக்கு மாற்றி, தனியாகச் சேர்த்த முகவரிகளையும் நீக்குங்கள். டிராஷில் போட்டதோடு விட்டால் போதாது: கோப்பு அங்கே 30 நாள் இருக்கும், நிரந்தரமாக அழியும் வரை அனுமதி உள்ளவர்கள் அதைப் பிரதி எடுக்கலாம்.