பெட்ஷீட்: வாங்கும்போதும் துவைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பெட்ஷீட் நாலே மாதத்தில் சொரசொரத்துப்போய், நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டு, மெத்தை மூலையை விட்டு நழுவ ஆரம்பித்தால் கடைக்காரரைத்தான் திட்டுவோம். பாதிக்குப் பாதி துணிமேல் குற்றம் இருக்காது. மெத்தையை அளக்காமல் வாங்கியிருப்போம், அட்டையில் அச்சடித்த எண்ணை நம்பியிருப்போம், எண்ணெய் ஊறிய தலையணை உறையைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்திருப்போம்.

முதலில் அந்த எண். த்ரெட் கவுன்ட் என்பது ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டின் கூட்டுத்தொகை. பாவு 110, ஊடை 90 என்றால் 200. ஓர் அங்குலத்துக்குள் எவ்வளவு நெருக்கினாலும் ஓரளவுக்குமேல் நூலுக்கு இடம் கிடையாது. ஒற்றை இழைப் பருத்தி நூலில் 400, 500-ஐத் தாண்டுவதே கடினம். பிறகு 1000, 1200 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? இரண்டு, மூன்று மெல்லிய இழைகளை முறுக்கிய ஒரே நூலை இரண்டாக, மூன்றாக எண்ணிவிடுகிறார்கள். இப்படி எண்ணிக்கை ஏற்றிய துணி கனமாக இருக்கும், காற்றை விடாது, காயவும் நேரமெடுக்கும். நம் சித்திரை வெயிலுக்கு 200 முதல் 300 வரையிலான ஒற்றை இழைப் பருத்தி தாராளமாகப் போதும். அதற்குமேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அட்டைக்குத்தான்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நூல் எத்தனாம் நம்பர்? ஒரு பவுண்டு பருத்தியிலிருந்து 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள், அதாவது நூல் கற்றைகள், எத்தனை கிடைக்கின்றன என்பதுதான் அந்த நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜ நூல். 60, 80 என்று ஏற ஏற நூல் சன்னம். சென்னிமலைக் கைத்தறிப் பெட்ஷீட்டில் தடித்த நூல்தான் ஓடும், சதுர அங்குலக் கணக்கும் குறைவாகவே வரும். அதை வைத்து மட்டம் என்று ஒதுக்கினால் ஏமாற்றம் உங்களுக்குத்தான். அது கனத்துக்கும் உழைப்புக்கும் நெய்த துணி, சன்னத்துக்கு நெய்தது இல்லை. உண்மையான கைத்தறிதானா என்று பார்க்க 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைத் தேடுங்கள்.

நூலாகத் திரிக்கும் பஞ்சு இழையின் நீளமும் முக்கியம். குட்டை இழைகளின் முனைகள் தேய்ந்து வெளியே நீட்டிக்கொண்டு, சுருண்டு உருண்டையாவதைத்தான் ‘பில்லிங்’ என்கிறோம். கோம்ப்டு நூல் என்றால் அந்தக் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட நூல். எகிப்தியன் காட்டன் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் நம் ஊர் சுவினையும் விசாரிக்கலாம். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரு ரகங்களைச் சேர்த்து 1974-இல் கோயம்புத்தூரில் உருவான மிகநீள இழைப் பருத்தி அது.

நெசவில் இரண்டு வகை தெரிந்தால் போதும். பெர்கேலில் நூல் ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே என்று போகும், மொடமொடப்பு, குளிர்ச்சி. சட்டீன் பெரும்பாலும் நான்கு நூலைத் தாண்டி ஒன்றின் கீழ் நுழையும். வழவழப்பு உண்டு, ஆனால் மேலே மிதக்கும் நூலில் மெட்டியும் நகமும் மாட்டும். குழந்தைகள் குதிக்கும் கட்டிலுக்குச் சட்டீன் வேண்டாம்.

‘கிளேஸ் காட்டன்’ என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, முனையில் கெட்டியான மணி நிற்கும். இரண்டும் கலந்தால் சாம்பலும் மணியும் சேர்ந்தே இருக்கும்.

அளவில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். குயின் மெத்தை 78-க்கு 60 அங்குலம் என்பது மேல்பரப்பு மட்டும். கனம் 8 அங்குலம் என்றால் இரு பக்கமும் சேர்த்து 16 கூட்ட வேண்டும், அடியில் செருகப் பக்கத்துக்கு 6 வீதம் 12. ஆக நீளம் 106, அகலம் 88. கடையில் ‘டபுள்’ என்று தருவது பல இடங்களில் 90-க்கு 100. அகலம் சரி. நீளத்தில் மெத்தையும் அதன் பக்கங்களும் 94 அங்குலத்தைத் தின்றுவிடும், செருக மிஞ்சுவது பக்கத்துக்கு 3. பருத்தி முதல் சில துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 100 அங்குலம் 95 ஆனபின் செருக என்ன இருக்கிறது? பக்கத்துக்கு அரை அங்குலம். ராத்திரி இரண்டு தடவை புரண்டால் காலையில் விரிப்பு முதுகுக்கடியில் சுருண்டு கிடக்கும். குயினுக்கு 90-க்கு 108, கிங் மெத்தைக்கு 108-க்கு 108 என்று கேட்டு வாங்குங்கள். பழைய 4 அங்குல மெத்தை என்றால் 90-க்கு 100 போதும்.

எலாஸ்டிக் வைத்த ஃபிட்டட் ஷீட்டில் நாலு மூலையில் மட்டும் எலாஸ்டிக் வைத்ததைத் தவிருங்கள், சுற்றிலும் ஓடுவதே நிற்கும். மூலைப் பையின் ஆழம் மெத்தைக் கனத்தைவிட 2 அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். மெத்தைமேல் டாப்பர் என்ற மெல்லிய மேல்மெத்தை போட்டிருந்தால் அதையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள்.

இனி துவைப்பு. சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சாயப்பட்டறையில் சாயத்தை இழைக்குள் தள்ள உப்பு பயன்படுவது உண்மை. நெய்து, தைத்து வீட்டுக்கு வந்த துணியில் அது எதையும் பிடித்து நிறுத்தாது. மிச்சச் சாயம் வெளியேறும்வரை, முதல் இரண்டு மூன்று தடவை குளிர்ந்த நீரில் தனியாகத் துவைப்பதுதான் வழி.

மெஷினில் திணிப்பது அடுத்த தவறு. ஒரு டபுள் விரிப்பும் இரண்டு உறையும் ஏறக்குறைய ஒரு கிலோதான். எடை குறைவென்று 6.5 கிலோ மெஷினில் நாலைந்து செட் போட்டால் துணி புரளாது. முறுக்கிக்கொண்டு சோப்பை உள்ளேயே பிடித்து வைக்கும். இரண்டு செட்டோடு நிறுத்துங்கள். துவைத்துக் காய்ந்த விரிப்பை வெறும் வெந்நீரில் அலசிப் பாருங்கள். நுரை வந்தால் நீங்கள் போடும் பவுடர் அதிகம். சொரசொரப்புக்குப் பாதிக் காரணம் இதுதான், மீதி போர் தண்ணீரின் உப்பு. ஃபேப்ரிக் கண்டிஷனரைக் கூட்டினால் தீராது, அது இழைமேல் படிந்து வியர்வை உறிஞ்சுவதைக் குறைக்கும். கடைசி அலசலில் 10 லிட்டருக்கு அரைக் கப் வெள்ளை வினிகர் விட்டால் உப்புப் படிவு தளரும். ஆனால் குளோரின் ப்ளீச்சோடு வினிகர் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

தலையணை உறைக்குத் தனி கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். மார்கழிக் குளிர்நீரில் துவைத்தால் எண்ணெய் இழைக்குள் கட்டியாகவே கிடக்கும். பிறகு இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகி இழைக்குள் இன்னும் பரவி, நாளாக ஆகப் பழுப்பாகும், காறல் வாடை வரும். தலை படும் இடத்தில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுத் தேய்த்து, 20 நிமிடம் கழித்து, துணி தாங்கினால் 40 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். விரிப்பு வாரம் ஒருமுறை என்றால், எண்ணெய் தேய்ப்பவர்களின் உறையை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வியர்வை மஞ்சளுக்குக் குளோரின் ப்ளீச் ஊற்றினால் மஞ்சள் கூடும், நூலும் நையும். இரும்புச் சத்துள்ள தண்ணீராக இருந்தால் துரு நிறமும் ஏறும். ஆக்சிஜன் ப்ளீச்சே பொருத்தம், அதுவும் வெந்நீரில். ரத்தக் கறைக்கு நேர்மாறு: பச்சைத் தண்ணீர் மட்டுமே. மஞ்சள்தூள் கறை சோப்புப் பட்டதும் சிவந்தால் பதற வேண்டாம். சோப்பின் காரத்தில், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நிறம் மாறுவது அது. அலசியபின் ஈரத்தோடு வெயிலில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் மங்கும். கலர் விரிப்பை மட்டும் உச்சி வெயிலில் போடாமல், உட்புறத்தை வெளியே திருப்பி உலர்த்துங்கள்.

இலவம் பஞ்சுத் தலையணையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. அந்த இழை உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகு. மிதவை உடைகளுக்குள் ஒருகாலத்தில் அடைத்தது இதனால்தான். நனைத்துப் பிழிந்தால் குழல் நசுங்கிக் கட்டி கட்டியாகும், நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். மாதம் இருமுறை மூன்று மணி நேர வெயில், பாதியில் ஒரு திருப்பு, பிறகு கையால் தட்டி உதறினால் போதும். வாங்கும்போது மூலையை நெருடிப் பாருங்கள், விரலில் கொட்டை அகப்பட்டால் பஞ்சு சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. ஃபோம், லேடெக்ஸ் தலையணைகளுக்கு இந்த வெயில் வைத்தியம் ஆகாது. புற ஊதாக் கதிரில் மஞ்சளித்து உதிரும். நிழலில் காற்றாடப் போடுங்கள்.

அலமாரியில் வைக்கும்போது ஒன்று: கஞ்சி போட்ட விரிப்பை மாதக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். வெள்ளிப்பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து. பிளாஸ்டிக் கவரில் மூடாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடித்தால் பழைய மடிப்புக் கோட்டில் துணி கிழியாது.