ராத்திரி மீந்த சாதத்துல காலைக்கு சூடா ஒரு அடை

நைட்டு சாதம் மீந்துச்சுனா தூக்கிப் போட்டுடாதீங்க ப்ளீஸ், காலைல பசங்க டிபனுக்கே அது ஆகும். 1 கப் சாதத்தை கையால நல்லா மசிச்சு அதோட அரை கப் அரிசி மாவு, 2 ஸ்பூன் தயிர், பொடியா நறுக்குன சின்ன வெங்காயம், பச்சமிளகா, கறிவேப்பில, சீரகம், உப்பு போட்டு பிசைஞ்சுக்கோங்க, முந்தின நாள் கேரட் பீன்ஸ் பொரியல் இருந்தா அதையும் சேத்துடுங்க, தண்ணி மட்டும் உடனே ஊத்தாதீங்க, சாதத்துல இருக்குற ஈரமே பாதி வேலைய பாத்துடும். எண்ணெ தடவின வாழ இலைல உருண்டைய வச்சு ஈரக்கையால தட்டி நடுவுல விரலால ஒரு ஓட்ட போட்டு தோசைக்கல்லுல போடுங்க, அந்த ஓட்டைல ரெண்டு சொட்டு எண்ணெ விட்டா நடுவுலயும் மொறுமொறுனு வேகும். தீ மிதமா இருக்கட்டும், அவசரப்பட்டா உள்ள மாவு வாசன அடிக்கும்.

மீந்த சாம்பார், காரக்குழம்பு, கூட்டு எல்லாத்தையும் ஒண்ணா மண்சட்டில ஊத்தி சுண்ட வச்சா சுண்டக்குழம்பு, பழைய சோத்துக்கு அத மிஞ்ச ஒண்ணும் இல்ல, எங்க வீட்ல சட்டிய வழிக்கவே சண்ட நடக்கும்.

ஒண்ணே ஒண்ணு, அடைக்கு எடுக்குற சாதத்த ராத்திரி முழுக்க வெளிய வைக்காதீங்க, வடிச்ச 2 மணி நேரத்துக்குள்ள ஆற வச்சு ஃப்ரிட்ஜுல வச்சுடுங்க, கெட்டுப்போன சாதத்த திரும்ப சூடு பண்ணாலும் அந்த விஷத்தன்மை போகாது. தேங்கா சேத்த குழம்ப சுண்ட வைக்கிறதா இருந்தா அதுக்கும் இதேதான்.