பேரங்காடியில் பைக்குக் காசு கொடுக்காமல் பொருள் வாங்கி வருவது எப்படி?

சிங்கப்பூரில், ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேலுள்ள பேரங்காடி நிறுவனங்கள், 2023 ஜூலை 3 முதல், ஒருமுறை பயன்படுத்தும் பை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன. காகிதப் பைக்கும் இதே கட்டணம்தான் என்பதால், காகிதத்துக்கு மாறுவது வழியாகாது. நாம் எறியும் பை பெரும்பாலும் எரியுலைக்குப் போய், சாம்பலாகப் புலாவ் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்தில் சேர்கிறது. நாட்டில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

பை இல்லாத வீடு இல்லை, கடைக்குப் போகும்போது கையில் இருப்பதில்லை என்பதே சிக்கல். மெல்லிய நைலான் பை ஒன்றை நீளவாக்கில் மடித்து, சமோசாவுக்கு மடிப்பதுபோல முக்கோணமாகச் சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைக் கைப்பையில் பேருந்து, ரயில் பயண அட்டை இருக்கும் பிரிவிலேயே வைத்துவிட்டால் மறக்கவே முடியாது. வாரச் சாமானுக்கு அடிப்பக்கம் அகலமான பைகள் இரண்டு தனியே வேண்டும். அரிசியும் எண்ணெயும் அடியில், காய்கறி நடுவில், முட்டையும் ரொட்டியும் மேலே இருக்கட்டும். மீன், இறைச்சி, காய்கறி ஆகியவற்றுக்கான கைப்பிடியில்லாத பைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் ஈரம் கசியும் பொருளுக்கு மட்டும் எடுப்பதே முறை. மீன் வந்த துணிப்பையை அன்றே துவைத்துக் காய வைக்காவிட்டால், மறுவாரம் அதைத் தொடவே மனம் வராது.

உண்மையான கேள்வி, மாடிகளிலிருந்து குப்பையைக் கீழே போடும் குப்பைக்குழாயைப் பற்றியது. அடுக்குமாடி வீடுகளில் குப்பையைக் கட்டித்தான் போட வேண்டும், இல்லையேல் நாற்றமும் கரப்பான்பூச்சியும் எல்லா மாடிக்கும் ஏறும். ஆகவே 'பேரங்காடிப் பை இல்லாமல் குப்பையை எப்படிக் கட்டுவது' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரொட்டி உறை, கழிப்பறைக் காகிதம் கட்டிவரும் பெரிய உறை, ஐந்து கிலோ அரிசிப் பை ஆகியவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் எங்கள் நால்வர் குடும்பத்துக்கு வாரத்தின் பெரும்பகுதி ஓடிவிடுகிறது. மீன்கழிவு, தேங்காய்ச் சக்கை போன்றவற்றை வடிகட்டி, செய்தித்தாளில் சுருட்டிய பிறகு உறையில் இட்டால் நீர் கசியாது. அப்படியும் போதாத வாரத்தில், தேவைக்கேற்ப ஒன்றிரண்டு பைகளைக் காசு கொடுத்து வாங்குவதில் தவறில்லை. எந்தப் பையானாலும் வாயை இறுக்கி முடிச்சிட்ட பிறகே குழாயில் போடுங்கள். அவிழ்ந்து சிதறுவதைத் தரைத்தளத்தில் ஒரு துப்புரவாளர்தான் அள்ள வேண்டியிருக்கிறது.