நெடுந்தீவில் ஓர் இரவு: நண்பர்களுடன் செல்வோருக்குச் சில குறிப்புகள்

வெளிநாடுகளிலிருந்து விடுமுறையில் யாழ்ப்பாணம் வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் காலைப் படகில் நெடுந்தீவுக்குப் போய், குதிரைகளையும் பருத்த அடிமரமுள்ள பெருக்க மரத்தையும் (பாவோபாப்) பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். இரண்டாம் தடவை நண்பர்கள் ஐவருடன் சென்று ஓர் இரவு தங்கிய பின்னரே, முன்பு பார்த்தது தீவின் ஒரு ஓரத்தை மட்டுமே என்பது விளங்கியது. ஆகவே, சனிக்கிழமை சென்று ஞாயிற்றுக்கிழமை திரும்புமாறு திட்டமிடுங்கள்.

பருவத்தை முதலில் பாருங்கள். ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகம் எனும் தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் வாடைக் காற்றும் மழையும் வரும். கடல் அடங்கியிருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே சிறந்தவை. யூலை, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் மட்டுமே வர இயலும் என்போர், கடல் மோசமானால் படகு ஓடாது என்பதை மனத்திற்கொண்டு, திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் இப்பயணத்தை வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்திலிருந்து 776ஆம் இலக்கப் பேருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்கிறது. வாகனம் பிடித்தும் போகலாம். ஆனால் புங்குடுதீவைக் கடக்கும்போது சற்று மெதுவாகச் செல்லச் சொல்லுங்கள். கூரையிழந்த கல்வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் வீதியின் இருபுறமும் நிற்கின்றன. கனடாவிலும் பிரான்சிலும் வாழும் எத்தனையோ குடும்பங்களின் வீடுகள் அவை. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுகளும் அதே துறையிலேயே நிற்கும் என்பதால், எந்தப் படகு என்று கேட்டு ஏறுங்கள்.

நெடுந்தீவுக்குக் கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகு நேரங்கள் மாறக்கூடியவை என்பதால், தங்குமிடத்துக்குத் தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதே போகவும் வரவும் உள்ள நேரங்களைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இந்தப் படகு தீவு மக்களின் வீதி. நோயாளிகளும் ஆசிரியர்களும் அரிசி மூட்டைகளும் இதில்தான் போய்வர வேண்டும். பெரிய குழுவாகச் சென்று இருக்கைகளை நிரப்பிவிடாமல், முதியவர்களுக்கும் பிள்ளைகளுடன் வரும் தாய்மாருக்கும் இடம் விட்டு நில்லுங்கள். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். பாதுகாப்பு அங்கி தந்தால் அணியுங்கள்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் என்பதால் நடந்து பார்த்து முடியாது. மாவிலித்துறையில் இறங்கியதும் முச்சக்கரவண்டியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம்; வெயில் தாழ்ந்த பின் துவிச்சக்கரவண்டியே இன்பம். வைத்தியசாலைக்குப் பின்னால் இடிந்து நிற்கும் கோட்டையை ஊரவர் மீகாமன் கோட்டை என்பர். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்தியதாகக் கூறப்படும் அதன் சுவர்கள் முருகைக் கற்களால் (பவளப்பாறைக் கற்களால்) ஆனவை. அதே முருகைக் கற்களைச் சாந்து எதுவுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகளே தீவெங்கும் வளவுகளைப் பிரிக்கின்றன. என்னைப் பொறுத்தவரை, கோட்டையைவிட இந்த வேலிகளே நெடுந்தீவின் பெரும் கலை. அவற்றில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு கல் சரிந்தால் ஒரு வரிசையே சரியும்.

குதிரைகள் ஐரோப்பியர் காலத்தில் விடப்பட்டவற்றின் வழிவந்தவை. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சிக் காலத்தில் குதிரைகள் குடிநீருக்குத் தவிப்பதால், துரத்திச் சென்று ஓடவைப்பது கொடுமை. தூரத்தில் அமைதியாக நின்றால் அவையே அருகில் மேய்ந்து வரும். மாலையில், பகற்பயணிகள் போன பிறகு, வெட்டவெளியில் அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு இரவு தங்குவோருக்கே கிடைக்கும்.

நல்ல தண்ணீர் மனிதருக்கும் அரிது. குடிநீரைக் கொண்டுசெல்லுங்கள், குளிக்கும்போது வாளிக் கணக்கில் ஊற்றாதீர்கள், வெற்றுப் போத்தல்களைத் திருப்பி யாழ்ப்பாணத்துக்கே எடுத்து வாருங்கள். தேவையான பணத்தையும் மருந்துகளையும் யாழ்ப்பாணத்திலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உணவைப் பொதிகட்டிச் செல்ல வேண்டாம். தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அன்று பிடித்த மீனில் குழம்பும் புட்டும் சமைத்துத் தருவார்கள். அந்தப் பணம் தீவிலேயே தங்கும்.

ஞாயிறு காலை படகுக்குச் சற்று முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட பயணிகள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களின் நினைவிடம் மாவிலித்துறைக்கு அருகில் இருக்கிறது. உங்களுடன் வந்தவர்களில் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் இருந்தால், அங்கே அழைத்துச் சென்று நடந்ததை நீங்களே சொல்லுங்கள். சிறிது நேரம் நின்றுவிட்டு, கொல்லப்பட்டவர்கள் சென்ற அதே கடல்வழியில் திரும்புங்கள்.